கடலையும் மல்லாட்டையும்

எங்கள் பக்கத்தில் கடலை என்றால் பொட்டுக்கடலை. மண்ணுக்குள் காய்க்கிறதே, அதற்குப் பெயர் மல்லாட்டை. ஆரணியைச் சுற்றி எந்தக் கொல்லையில் நின்று கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். படித்தவர்கள் மல்லாட்டையை வேர்க்கடலை என்கிறார்கள். பேச்சுவாக்கில் அந்த வேரையும் விட்டுவிட்டு வெறும் கடலை என்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் என் பேத்தி சாகப் பார்த்தாள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்து, பிறகு சொந்தத் தறி போட்டு, இன்றைக்கு பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீடு வீடாகப் பாவு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டு நூலைத் தொட்டாலே தரம் சொல்வேன். பெங்களூர் நூல் வியாபாரியிடம் அவன் பாஷையிலேயே சண்டை போட்டு ஜெயித்திருக்கிறேன். சென்னையில் பெரிய ஜவுளிக் கடைக்காரர்கள் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்துத்தான் பேசுவார்கள். அவர்களோடு பழகிப் பழகி என் பேச்சும் திருந்திவிட்டது. மல்லாட்டை மாதிரியான சொற்கள் என் வாயிலிருந்து எப்போதோ உதிர்ந்து போயின.

மருமகள் சென்னைப் பெண். பட்டம் வாங்கியவள். பேத்திக்கு இரண்டு வயதுகூட நிரம்பாதபோது, கல்யாண வீட்டில் யாரோ மல்லாட்டை உருண்டையைக் கிள்ளி அவள் வாயில் வைத்தார்கள். பந்தி முடிவதற்குள் குழந்தையின் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"வேர்க்கடலைய இவ உடம்பு எதிரின்னு நெனச்சிக்குதுங்க. நிறைய சாப்பிடணும்னு இல்ல. கரண்டியில ஒட்டிகினு இருக்கறதே போதும்."

"கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்கிட்டா சரியாயிடாதா டாக்டரம்மா? பழைய கஞ்சியில வளந்த ஒடம்பு இது, பாருங்க, ஒரு தலைவலி கெடையாது" என்று நான் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"உங்க ஒடம்பு வேற, இவ ஒடம்பு வேற. வீட்ல நீங்களா எதையும் பழக்கிப் பாக்கக் கூடாது. உயிர் போயிடும்."

"பெரியவளானா போயிடுமாங்க?"

"சில பேருக்குப் போகும். நிறைய பேருக்குப் போறதில்ல."

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தச் சிக்கலுக்கும் ஒரு விலை உண்டு, கொடுத்தால் தீரும் என்று நம்பி வாழ்ந்தவன் நான்.

பேனா மாதிரி ஓர் ஊசியை எழுதிக் கொடுத்தார். அலைந்து திரிந்து சென்னையிலிருந்து வரவழைத்தோம். மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். மூச்சுத் திணறல் வந்தால் முதலில் ஊசி, பிறகுதான் வண்டி. ஊசி இல்லாத பொம்மைப் பேனாவை வைத்து எல்லோருக்கும் பழக்கிவிட்டார்கள். மகன் இரண்டு தடவை பேனாவைத் தலைகீழாகப் பிடித்தான். நான் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்து செக்குக் கடலெண்ணெய் டின் வெளியே போனது. மிக்சி ஜார் மாறியது. ஓட்டல் சட்னியில் தேங்காய்க்குப் பதிலாக வேர்க்கடலையை அரைத்துவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். மருமகள் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் உள்ள எறும்பு எழுத்தைப் படித்த பிறகுதான் பிரிப்பாள். ஊரில் கேலிக்குக் குறைவில்லை. என் பங்காளி ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "காசு வந்தா நோவும் ஷோக்கா வருது பாரு."

வீட்டில் எல்லோரும் மருமகள் பேச்சைக் கேட்டுக் கடலை, கடலை என்றே சொன்னோம். நானும் முள்ளிப்பட்டில் தறி போட்டிருக்கிற ஒரு வீடு விடாமல் ஏறிச் சொன்னேன். "எம் பேத்திக்குக் கடல ஆவாது. அவ கண்ணுல காட்டக்கூடாது, ஆமா." நான் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது.

ஆயுத பூஜை அன்று தறிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். நான் போய் நின்றால்தான் கற்பூரம் ஏற்றுவார்கள். அந்த வருஷம் பேத்தியையும் அழைத்துப் போனேன். "ஊசிப் பைய விட்டுடாதீங்க மாமா" என்று மருமகள் என் தோளிலேயே மாட்டிவிட்டாள். கடைசியாகப் போன வீட்டில் புருஷன், பெண்டாட்டி இருவருமே நெய்கிறவர்கள். பெண்டாட்டிக்கு என் பேத்தி என்றால் உயிர். வண்ணப் பட்டுத் துணுக்குகளை முடிந்து பொம்மை செய்து தருவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் புருஷனோடு அடுத்த பாவு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இருமல் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால், குழந்தையின் மடியில் படையல் பொரித் தட்டு. உதடு தடித்துவிட்டது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

"இன்னாம்மா குடுத்த?"

"பொரிதான் மொதலாளி. கடல ஒண்ணுகூட இல்ல. காலையிலேர்ந்து நானே உக்காந்து பொறுக்கி எடுத்தேன்."

பொரிக்கு நடுவில் தோல் நீக்கி வறுத்த பருப்பு வெள்ளையாகக் கிடந்தது. கையில் அள்ளிக் காட்டினேன். "அப்போ இது இன்னா?"

"அது மல்லாட்டதானே மொதலாளி! நீங்க கடலன்னுதானே சொன்னீங்க?"

ஒரு கிண்ணம் நிறையப் பொட்டுக்கடலை ஓரமாக இருந்தது. ஒன்று விடாமல் பொறுக்கியிருந்தாள்.

குழந்தையைத் தரையில் படுக்கவைத்தேன். பேனாவை எடுத்துத் தொடையில் வைத்து அழுத்தினேன். இதே கையால்தான். அவள் புருஷன், "ஜல்தி, ஜல்தி" என்று வாசலில் கத்தி வண்டியைத் திருப்பவைத்தான். வழியிலேயே குழந்தைக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்தது. நேரத்துக்கு ஊசி போட்டதால் தப்பித்தாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரே சொன்னார். படித்த பிள்ளைகளே அந்த நேரத்தில் பதறி நிற்பார்களாம். சாயங்காலம் மறுபடியும் மூச்சு இழுத்தது. அங்கேயே இன்னொரு ஊசி போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள்.

மருமகள் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டு கேட்டாள். "அவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க மாமா?"

"நீ சொன்னததாம்மா சொன்னேன். கடலன்னேன்."

அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். என் மேல் தப்பு என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. சொல் வேறு ஊருடையது. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்பே மகனும் மருமகளும் குழந்தையோடு சென்னைக்குக் குடிபோய்விட்டார்கள். மகன் என்னிடம் நேராகச் சொல்லாமல், "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா நல்லதுன்னு பாக்கறோம்பா" என்றான். நான் கட்டிய வீட்டில் மாடி முழுக்கச் சும்மா கிடக்கிறது.

பொரி கொடுத்த முள்ளிப்பட்டுக்காரி இன்றைக்கும் எனக்குத்தான் நெய்கிறாள். நெசவில் ஒரு இழை பிசகாது. ஆனால் சேலையைப் புருஷன்தான் கொண்டுவருகிறான். நான் போனால் அவள் தறிக்குழியை விட்டு எழுந்து வருவதில்லை. ஒருநாள் வாசலிலிருந்தே, "பேத்தி நல்லாகீறாம்மா" என்று குரல் கொடுத்தேன். தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தறி ஓடியது.

இந்தப் பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சாப்பாடு, தண்ணீர்கூட அவர்களே பையில் கொண்டுவந்தார்கள். பேத்திக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. வாழைப்பழத்துக்குத் தோல் இருக்கிறது, அதில் எதுவும் சேராது என்று நான் தாரிலிருந்து ஒன்றைப் பறித்து உரித்து நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, மல்லாட்ட தொட்டியா?"

"இல்லடா கண்ணு."

"கடல? வேர்க்கடல? மணிலா?" பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். எங்கள் ஊரில் அதற்கு இருக்கிற எல்லாப் பெயரையும் மருமகள் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"எதுவுமே தொடலடா. சாமி சத்தியமா."

பேத்தி தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் சங்கடத்தோடு சிரித்தாள். "கைய மட்டும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்துடுங்க மாமா. கோச்சிக்காதீங்க."

பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்க் கழுவினேன். நகக்கண்ணெல்லாம் தேய்த்துத்தான் கழுவினேன். திரும்பி வந்தபோது பேத்தி அம்மாவின் மடியில் இருந்தாள். அவர்கள் பையிலிருந்து எடுத்த வேறொரு பழம் அவள் வாயில் இருந்தது.

நான் உரித்ததை நானே தின்றேன்.