பாஸ் கொடுத்தவன்

தொலைக்காட்சியில் ஓடிய கால்பந்து ஆட்டத்தில் இத்தாலிக்காரப் பயிற்சியாளர் ஒருவர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எண்பதுகளில், காரைக்கால் நண்பன் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து வந்த பத்திரிகையில் அவர் படம் இருந்தது. அப்போது அவர் நடுக்கள ஆட்டக்காரர். அந்தப் படத்தில் கோல் அடித்தவனை எல்லாரும் கட்டிப்பிடித்திருக்க, பாஸ் கொடுத்த இவர் தள்ளி நின்றிருப்பார்.

நானும் அப்படித்தான். சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் அம்பகரத்தூரில், அறுவடை முடிந்த வயலில், அரிதாள் காலைக் குத்தக் குத்த ஓடி, எதிர்த்து ஆடிய பூவம் ஊர்ப் பையன்கள் இருவரைத் தாண்டித் தம்பியிடம் பந்தைத் தள்ளினேன். அவன் கோல் அடித்தான். வெற்றிலை வாயோடு கத்திக்கொண்டே ஓடிவந்த அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

“பாஸ் நாந்தாம்ப்பா குடுத்தேன்” என்றேன்.

“குடுத்தா என்னடா? அடிச்சது அவன்தானே!”

வீடு திரும்பும்போது தம்பி அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனான். நான் பந்தைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

இப்போது திரையில் ஒரு கோல் விழுந்தது. அடித்தவன் வேறு யாரையும் பார்க்காமல் நேராக ஓடி, அந்த நரைத்தலைக்காரரைக் கட்டிக்கொண்டான்.

இத்தனை வருஷமும் அவரும் என்னைப் போல யாரும் கட்டிக்கொள்ளாதவர், என் கட்சி என்று நினைத்திருந்தேன். பட்டென்று டிவியை அணைத்தேன்.