பிழை இல்லை என்று ஹில்டா போட்ட கையெழுத்து

பம்மலில் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கும் ஹில்டாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தனியார் கல்லூரி ஒன்றின் மொழியியல் துறையில் உதவியாளர். பேருக்குத்தான் உதவியாளர், பர்மிய இலக்கணத்தில் அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசி தெரிந்த ஆளைத் தாம்பரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அவளுடைய அம்மா ஞானப்பூ ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அறுபத்துநாலில் கப்பலேறி வந்தவள். அம்மாவின் பேச்சை வைத்தே பர்மிய இலக்கணம் ஒன்றைத் தமிழில் எழுத வேண்டும், அதன் அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும். ஹில்டாவுக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான்.

பதினோரு வருஷம் உழைத்தாள். கார்டின் முன்பக்கம் ஒரு தமிழ் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்பாள். அம்மா சொல்லும் பர்மிய வாக்கியத்தைப் பின்பக்கம் எழுதுவாள். பேசுகிறவர் எதைச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது இந்த வேலையின் சட்டம். ஞானப்பூவோ லேசில் மசிகிற ஆளில்லை. 'ஆசிரியர் பள்ளிக்குப் போனார்' என்று கேட்டால், "சோறு தீயுது, எழுந்து போய்ப் பாருடி" என்று பர்மியத்தில் பதில் வரும். ஹில்டா அதையும் எழுதிக்கொள்வாள். கார்டுகளை அடுக்கி வைத்த முதல் பெட்டி முழுக்க இப்படி வசவுதான். அம்மா வழிக்கு வந்தபின் ஒழுங்காகச் சொன்னவற்றைத் தனி நோட்டில் எழுதி வைத்தாள்.

துறைத் தலைவர் சாலமன் ஒருநாள் இந்த வேலையைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். பர்மிய எழுத்தைக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். பொருளும் தெரியாது, பேசினால் ஒரு சொல்லும் புரியாது. அவர் காபி குடித்துக்கொண்டிருக்க, ஹில்டா 'அரசன் நாட்டைக் காத்தான்' என்று கேட்டாள். ஞானப்பூ அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பர்மியத்தில் நிதானமாகச் சொன்னாள்: "இந்த ஆள் முழியே சரியில்லை. உன் எழுத்தைத் திருடத்தான் வந்திருக்கான்." சட்டம் சட்டம்தானே. ஹில்டா தலை குனிந்து எழுதி, கார்டை முதல் பெட்டியில் போட்டாள். "அருமை, அருமை" என்றார் சாலமன்.

அம்மா இறந்த மாதமே அவர் தட்டச்சுப் பிரதியையும் கார்டுப் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு போனார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றவர் தரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. அட்டையில் முனைவர் சாலமன்.

"என் பேரு எங்க சார்?"

"முன்னுரையில இருக்கேம்மா. தட்டச்சு செய்து உதவிய ஹில்டாவுக்கு நன்றின்னு. நீயே புரூஃப் பாத்துக் கொடுத்துடு. உன்னை விட்டா யாரு இருக்கா?"

ஹில்டா புரூஃப் கட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவர் கையில் புழு வைத்துச் சாக வேண்டும் என்றுகூட நினைத்தாள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

அந்தக் கோபத்தோடுதான் புரூஃபைப் பிரித்தாள். விதிகள் அத்தனையும் அவள் எழுதியவை, பழுதில்லை. எடுத்துக்காட்டுகளுக்கு அவள் பிரதியில் விட்டிருந்த இடத்தை மட்டும் சாலமனே பொறுக்கி நிரப்பியிருந்தார். அதுவும் முதல் பெட்டியிலிருந்து! நோட்டு ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மேலே 'ஆசிரியர் பள்ளிக்குப் போனார்', கீழே தீய்ந்த சோறு. இருநூறு இடத்தில் அம்மாவின் வசவு பர்மிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

மூன்று நாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் தன் பதினோரு வருஷமும் சேர்ந்து சந்தி சிரிக்கும். பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது போல்தான் இருந்தது. இருந்தாலும், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று கடைசிப் பக்கத்தில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியீட்டு விழா தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை காலை. பெருமைக்காகப் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களைத் தேடித்தேடி அழைத்திருந்தார் சாலமன். மைக்கைப் பிடித்து, தமிழில் ஒன்றும் பர்மியத்தில் ஒன்றுமாக வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே முன்வரிசைக் கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். 'அரசன் நாட்டைக் காத்தான்' வந்ததும் மண்டபமே சிரித்தது.

மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடை வைத்திருக்கும் சம்பத் எழுந்தார். "இன்னா சார் படிக்கிறே? ராஜாவும் இல்ல, நாடும் இல்ல. இந்த ஆளு முழியே சரியில்ல, உன் எழுத்தைத் திருட வந்துகீறான்னு எழுதிக்கீது சார்!"

சாலமன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் படித்தார், மறுபடியும் சிரிப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹில்டாவைக் கண்டதும் மைக்கை விட்டுவிட்டு விரலை நீட்டிக் கத்தினார்.

"எல்லாம் அவ செஞ்சது! கார்டு அவ எழுதினது, விதி அவ எழுதினது, மொத்தப் புஸ்தகமும் அவ எழுதினது! இதுல என் வரி ஒண்ணுகூடக் கிடையாது!"

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஹில்டா எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் மனம் இப்படிக் குளிர்ந்ததில்லை.

"பின்னாடி சரியா கேக்கல சார்," என்றாள். "மைக்ல சொல்லுங்க."