வானுக்குள் வரும் நித்திரை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். காலையில் கப்பல்துறை ஊருக்குள் பிள்ளைகளை ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோவோம். பள்ளிக்கூடம் விட்டதும், துறைமுகத் தண்ணீரை ஒட்டிப் போகிற கண்டி வீதியால் திரும்பக் கொண்டுவருவோம். நானும் கூடப் போகிறேன். முன் கதிரையில் இருந்து, கதவு திறந்து, சின்னப் பிள்ளைகளை இறக்கிவிடுவது என் வேலை.

காலையில் வானுக்குள் ஒரே சந்தை இரைச்சல். பின்னேரம் அப்படியில்லை. நகரம் தாண்டி, காப்பெட் தார் போட்ட வழவழப்பான வீதியில் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கினால், என்ஜினின் நடுக்கம் கால் வழியாகவும் கதிரை வழியாகவும் உடம்புக்குள் ஏறும். குலுக்கல் என்று அதைச் சொல்ல ஏலாது, அதைவிட மெல்லியது. ஏணையில் போட்ட குழந்தை மாதிரி ஒவ்வொரு தலையாகச் சரியும். நாலாம் மைல் கட்டைக்கு முதலே கதை நின்றுவிடும். குண்டும் கிடங்கும் விழுந்த ஒழுங்கைக்குள் திரும்பி, வான் தூக்கிப் போட்டால்தான் எழும்புவார்கள். இதையெல்லாம் கண்டுகொண்டிருந்த எனக்கு, ஓட்டுகிறவரும் அதே நடுக்கத்துக்கு மேல்தான் இருக்கிறார் என்ற யோசனை வரவில்லை.

அந்த அமைதியில் நான் செபமாலை சொல்லிக்கொண்டு வருவேன். சைவப் பிள்ளைகளும் இருப்பதால் சத்தத்தைக் குறைத்து, ஒரே மாதிரியாகச் சொல்வேன். வீட்டில் இவரைச் செபத்துக்குக் கூப்பிட்டால், "எனக்கும் சேர்த்து நீயே சொல்லு" என்று வாசலுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் வானுக்குள், 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று நான் தலை குனிந்தபோது, தானும் குனிந்ததைக் கண்டேன். அடுத்த நாளும் கண்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொன்னால் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாதாவுக்கு மட்டும் நன்றி சொன்னேன்.

வானில் இவருக்குப் பின்னால் இருக்கிற சின்னவள் ஒருத்தி கூட ஒருநாள் சொன்னாள்.

"அன்ரி, மாமா சாமி கும்பிடுறார்."

"ஓம் மகள், நீங்களும் கும்பிடுங்கோ" என்றேன் நான்.

பிறகு ஒரு பின்னேரம், நான் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவருடைய தலை குனிந்தது. அது குனிகிற இடமில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை தொங்கி, நாடி நெஞ்சில் முட்டியிருந்தது. வான் மெல்ல இடது பக்கம் இழுபட்டு, சில்லுக்குக் கீழே ஓரத்துக் கிரவல் கல் கரகரத்தது. என் பக்கத்து யன்னலில் துறைமுகத்துத் தண்ணீர் நன்றாகக் கிட்ட வந்தது.

"அப்பா!" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன்.

பிரேக் அடித்து நிறுத்தினார். பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டு முன்னுக்கு வந்தன. ஒருவருக்கும் காயமில்லை.

"என்னப்பா, நித்திரையோ?"

"ஆர் நித்திரை? செபத்துக்குத் தலை குனிஞ்சனான்."

"அந்த இடத்தில ஒருத்தரும் குனியிறேல்லை."

"குறட்டையும் விட்டவர் அன்ரி" என்றாள் பின்னாலிருந்து பெரியவள் ஒருத்தி. பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. இறங்கிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"வீட்டில கட்டில்ல படுத்தாலும் பகல்ல எனக்குக் கண் மூடாது. இதுக்குள்ள ஏறி இருந்தா, அந்த நடுக்கம் முதுகால ஏறி வந்து கண்ணைப் பொத்துது. உன்ர செபமும் அதோட சேர்ந்து ஒரே இழுவையாப் போகுது."

அந்தக் கடைசிச் சொல் என்னைக் குத்திவிட்டது. அத்தனை நாளும் குனிந்த தலையில் எத்தனை செபம், எத்தனை நித்திரை என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மறுநாளிலிருந்து சீனன்குடாவில் வானை நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறினோம். பிள்ளைகள் வீட்டுக்குப் பிந்தினார்கள். தாய்மார் கேட்டால் என்ஜின் சூடாகிறது என்று சொல்ல நினைத்திருந்தேன். "பொய் சொல்லாதை. எனக்கு நித்திரை வருது எண்டே சொல்லு" என்றார் இவர். சொன்னோம்.

சின்னவளின் தாய் முகம் கறுத்துப்போனா. "நாளைக்கு நானும் வந்து பாக்கிறன் அக்கா" என்றவ, சொன்னபடியே வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு இவருக்குப் பின்னால் இருந்தா.

"அண்ணை, கண்ணை மூடினீங்களோ, பின்னால இருந்து நல்லாக் கிள்ளுவன்."

"கிள்ளுங்கோ தங்கச்சி. இவ செபம் சொல்லிப் பாத்தா, சரிவரேல்லை" என்றார் இவர். நானும் சிரித்தேன்.

அன்று நான் செபமாலையை எடுக்கவில்லை. இவரோடு கதைத்துக்கொண்டே வந்தேன். நாலாம் கட்டை வந்தபோது பின்னால் சத்தமே இல்லை. திரும்பினேன். அந்தத் தாய் வாயைத் திறந்தபடி, கழுத்துச் சரிந்து, நல்ல நித்திரை. இவர் கண்ணாடியில் பார்த்தார். வானை அந்த இடத்திலேயே ஓரமாக்கி என்ஜினை நிறுத்தினார். நடுக்கம் நின்றதுதான் தாமதம், அவ துடித்தெழும்பினா.

"நான் சும்மா கண்ணை மூடினனான்" என்று சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா. பிறகு தான் இருந்த கதிரையைக் கையால் தடவிப் பார்த்தா. வீடு வரும்வரைக்கும் மகளை இறுக்கிப் பிடித்திருந்தா.

தன் வீட்டுப் படலையில் இறங்கி, "குறை நினைக்காதேங்கோ அக்கா. நாளையிலிருந்து பிள்ளையைத் தேப்பனோட மோட்டார்சைக்கிள்ல அனுப்புறன்" என்றா.

"அதுதான் சரி தங்கச்சி" என்றார் இவர்.

எனக்கு அவவில் கோபமில்லை. மற்றப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். செபமாலையை இப்போது வீட்டில் முடித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். பின்னேரம் முழுக்க இவரோடு வேண்டுமென்றே சண்டை பிடிக்கிறேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே பிடிக்கிறேன். பின்னேர ஓட்டத்துக்கு வேறொருவரைப் பிடிப்போம் என்று நேற்றும் சொன்னேன்.

"பிடிக்கலாம். அவனும் இந்தக் கதிரையிலதானே இருக்கப்போறான்" என்றார்.