மீன் தின்னாதவருடைய தொட்டி

டென்மார்க்கில், எஸ்பியர்க் என்ற ஊரில் மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. காலில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கைக்குக் கீழே எந்நேரமும் ஐஸ் தண்ணீர். இடைவேளைக்கு மணி அடித்ததும் கோப்பியோடு உட்கார்ந்து போனை எடுத்தால், பாலைவனத்திலிருந்து அண்ணை எடுத்த அழைப்புகள் வரிசையாக நிற்கும்.

அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. டென்மார்க் வர முன்னர் வளைகுடா நாடொன்றில் ஓர் அரபு வீட்டில் தோட்ட வேலை செய்தேன். அந்த வீட்டு டிரைவர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்துக்கு வெளியே இரண்டு மூன்று வீடுகள், நாலு பக்கமும் மணல். பின்மதிலோடு இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவர் சுத்த சைவம், நீரிழிவும் இருந்தது. கீரை, காய் நிறையச் சாப்பிடச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக் குசினியிலோ ஆட்டிறைச்சியும் சோறும்தான். கடைக்குப் போகக் கார் இருந்தது, ஆனால் அது அவர் நினைத்த நேரத்துக்கு எடுக்கக்கூடிய கார் அல்ல.

அந்த மண்ணில் கீரை போட்டுப் பார்த்தேன். காலையில் ஊற்றின தண்ணீர் மத்தியானத்துக்கு முன்னரே மாயம். மிளகாய்க் கன்று நின்றபடியே காய்ந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். போனில் வீடியோ பார்த்துத்தான் அக்குவாபோனிக்ஸ் படித்தேன். கீழே ஒரு தொட்டியில் மீன், மேலே சரளைக்கல் நிரப்பிய தட்டில் செடி. பம்ப் மீன் தண்ணீரைக் கல்லுக்குள் ஏற்றும். மீனின் கழிவு செடிக்கு உரம். வடிந்த தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் விழும். ஆவியாகிப் போவதை மட்டும் நிரப்பிக்கொண்டால் போதும்.

வீடியோக்காரர்கள் வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே குழாயைத் திறந்தால் அப்படியே தேத்தண்ணி போடலாம். தொட்டியைப் பாதிக்கு மண்ணுக்குள் தாட்டேன். மேலே நிழல் வலை, சுற்றிலும் ஈரச் சாக்கு. வெயில் கூடின நாட்களில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து மிதக்க விட்டேன். இரண்டு தரம் மீன் எல்லாம் செத்தது. அதன் பிறகுதான் பிடித்துக்கொண்டது. கங்குங் கீரை, வெண்டி, பயற்றங்காய் என்று வந்தன. அண்ணை கோப்பை நிறையக் கீரையோடு சாப்பிட்டார். இரத்தத்தில் சீனியும் இறங்கியது.

தொட்டியில் விட்டது திலாப்பியா மீன், அது கெதியாகப் பெருகும். லீவு நாளில் பெரிய மீன்களைப் பிடித்து வெளியே அடுப்பு மூட்டிப் பொரிப்பேன். அண்ணை மதிலைப் பார்த்தபடி இருப்பார். "முடிஞ்சுதோ தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

கலியாணம் சரிவந்து நான் இங்கே வந்துவிட்டேன். தொட்டி அவரிடம்.

இந்தக் கோடையில் தொடங்கியது பிரச்சினை.

"தம்பி, மீனெல்லாம் மேலை வந்து வாயைப் பிளக்குதுகள்."

வீடியோவில் காட்டச் சொன்னேன். தண்ணீர் தெரியவில்லை. முதுகு முதுகாக மீன்.

"அண்ணை, இது தொட்டியோ, சந்தையோ?"

"குஞ்சு போட்டிருக்குதுகள். வாய்க்குள்ளை வைச்செல்லோ வளர்க்குதுகள், பாவங்கள்."

"என்ன போடுறியள்?"

"பொரி. பின்னேரம் கொஞ்சம் பாண்."

கோவில் கேணி மீனுக்குப் பொரி போடுகிற மாதிரி, புண்ணியத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மிஞ்சின பொரியும் பேக்கரிப் பாண் துண்டும் அடியில் அழுகி, சூடேறிய தண்ணீரில் இருந்த கொஞ்ச ஒக்சிசனையும் இழுத்தது. கேணிக்கு மாரி மழை வரும். இதற்கு எது வரும்?

"பொரியை நிப்பாட்டுங்கோ. பாதி மீனைப் பிடிச்சுப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரருக்குக் குடுங்கோ."

"அவர் திண்டிடுவாரே."

"தின்னத்தானே அண்ணை குடுக்கிறது!"

"இந்தக் கையாலை தீன் போட்டிட்டு, கொல்லக் குடுக்கிறதோ? நீர் இங்கை இருக்கேக்கை நீர் செய்தீர். அது உம்மோடை. என்னாலை ஏலாது."

நான் போட்ட சத்தத்தில் கன்டீனே திரும்பிப் பார்த்தது. நாள் முழுக்க மீன் வெட்டுகிறவன் இங்கே. ஒரு மீனையும் தொட மாட்டாதவர் அங்கே. அந்த அமைப்புக்குப் பம்ப் எவ்வளவு தேவையோ, மீன் தின்ன ஒருத்தனும் அவ்வளவு தேவை. நான் வெளிக்கிட்டதோடு அந்த இடம் காலி.

"வேலையிலும் மீன், வீட்டிலும் மீன்," என்றாள் மனைவி. "எனக்குக் காய்ச்சல் வரேக்கை இப்பிடிப் பதறினனீங்களோ?"

மற்றதெல்லாம் அண்ணை செய்தார். அடியைக் கழுவினார், இன்னொரு வலை கட்டினார், காற்றுப் பம்ப் வாங்கி விட்டார். மீனை மட்டும் குறைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வீட்டு எசமானியைக் காரில் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் வர, பாதி மீன் வயிறு தெரிய மிதந்தது. என்னைக் கேட்காமலே மிச்சத்தை வாளி வாளியாக அள்ளி அறைக்குள் கொண்டுபோனார். உடுப்புத் தோய்க்கும் பெரிய பேசினிலும் தண்ணீர் டிரம்மிலும் விட்டு, ஏசியைப் போட்டார். தண்ணீர்ப் பம்ப், காற்றுப் பம்ப் இரண்டையும் கழட்டி அங்கேயே பூட்டினார். சரளைக்கல் காய்ந்தது. அடுத்த நாளே கங்குங், வெண்டி எல்லாம் வைக்கோல்.

"பம்பை ஏன் கழட்டினனீங்கள்?"

"மீனுக்குக் காத்து வேண்டாமோ?"

"கீரை உயிரில்லையோ?"

"உயிர்தான். ஆனா அது வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பாக்கேல்லை, தம்பி."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாணும் பருப்பும்."

"சீனி?"

"பாக்கேல்லை."

ஜன்னலுக்கு வெளியே எஸ்பியர்க் மழை. கோடையிலும் ஜாக்கெட்டைக் கழட்ட முடியாத ஊர். இங்கிருந்து ஒரு வாளி குளிரை அங்கே ஊற்ற வழியில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"செத்தது செத்துப்போச்சு. மிச்சம் அந்தத் தொட்டிக்கு அளவாத்தான் இருக்கு. பின்னேரம் திருப்பி விடுங்கோ, பம்பைப் பூட்டுங்கோ. கங்குங் விதை இருந்தாப் போடுங்கோ. சுறுக்கா வந்திடும்."

"வெயில் குறையட்டும்."

"எப்ப குறையும்?"

"ஐப்பசியிலை."

"அதுவரைக்கும் பாணோ? ஐப்பசிக்கு நீங்கள் இருக்க வேணுமெல்லோ அண்ணை!"

சொல்லியிருக்கக் கூடாத சொல்தான். அவர் கோபிக்கவில்லை.

"இருப்பன் தம்பி," என்றார். "நான் இல்லாட்டி இதுகளை ஆர் பாக்கிறது?"