வெட்டக் கூடாத காம்பு

"கண்ண மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சலூன்காரர் செடிக்குத் தண்ணீர் தெளிப்பார். கடையில் வாடிக்கையாளர் தலையை நனைக்கிற அதே ஸ்பிரே பாட்டில், அதே வசனம். முப்பது வருடப் பழக்கம், மனிதன் என்றும் கொடி என்றும் பேதம் பார்ப்பதில்லை.

வீட்டு ஜன்னலுக்கு மேலிருக்கும் தொட்டியிலிருந்து மனைவியின் கட்டில் வரை தொங்குகிறது கொடி. எங்கோ மழைக்காட்டில் மரத்தைப் பற்றிப் படர வேண்டியது. கப்பலில் வேலை பார்த்த அவளுடைய தம்பி விரல் நீளத் துண்டாக ஈரத்துணியில் சுற்றி அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ஐந்து வருடம் இலையை மட்டுமே காட்டிவிட்டு, போன வருடம்தான் பூத்தது. மெழுகில் செய்தாற்போல் ஒரு கொத்து நட்சத்திரங்கள். சாயங்காலமானால் அறை முழுக்க மணம். அதற்குள் சர்க்கரை நோய் அவள் கண்ணைப் பறித்திருந்தது. மூக்கால்தான் பார்த்தாள்.

இவருக்கோ கை சும்மா இருக்காது. பேசும்போதுகூடக் கட்டைவிரலும் மோதிரவிரலும் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். பூ உதிர்ந்ததும் மொட்டையாக நின்ற காம்பு, பிடரியில் விட்டுப்போன ஒற்றை முடியாகக் கண்ணை உறுத்தியது. ஒட்ட நறுக்கிவிட்டார்.

சவரத்துக்கு வந்த செடி நர்சரிக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டு, பாதி முகத்தில் நுரையோடு சொன்னார்: "அடடா, கெடுத்தீங்களே! அந்தக் காம்புலதாங்க வருஷா வருஷம் பூக்கும். இனி புதுசா விட ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ."

மறுபாதியை மழிக்க வெகுநேரம் ஆயிற்று. மனைவியின் நோய் இப்போது சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறது. மருத்துவர் இவரைத் தனியே அழைத்துச் சொன்ன கெடு, அடுத்த மழைக்காலம் வரைதான்.

அன்று முதல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

"என்னங்க, மொட்டு வச்சிருச்சா?"

"வைக்கும்மா. வெயில் பத்தல."

"போன வருஷம் இந்நேரம் வச்சிருச்சே."

"அது என்ன, காலண்டர் பாத்தா பூக்கும்?"

அவள் சிரிப்பாள். இவர் பஞ்சை நனைத்து இலை இலையாகத் துடைப்பார், துடைத்த இலையையே மறுபடியும் துடைப்பார்.

நேற்று அவளே கையை நீட்டிக் கொடியைத் தடவினாள். கணுக் கணுவாக ஏறிய விரல், பூங்கொத்து இருந்த இடத்தில் நின்றது. பிசிறில்லாமல் நறுக்கிய முனை. அவ்வளவு சுத்தமாக வெட்டுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

இவர் விரல்கள் இரண்டும் காற்றை வெட்டத் தொடங்கின. அவள் துழாவித் தேடி அந்த விரல்களைப் பிடித்து, தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.