உடையாத கார்

இதை எழுத மூன்று வருடமாகக் கூசினேன். அல்லாஹ் அறிய, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் கணவர் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். மூன்று வருடம் முன்பு லீவில் எங்கள் ஊர் தொண்டிக்கு வந்திருந்தபோது, மகளோடு கார் ரேஸ் கேம் விளையாட உட்கார்ந்தார். சுவரில் மோதினாலும் கார் பந்துபோலத் துள்ளி ஓடும். இருவரும் வேண்டுமென்றே மோதிச் சிரித்தார்கள்.

“இது சின்னப்புள்ளைக ஆட்டம் அத்தா. நெச டிரைவருக்கு நெச கேமு” என்று மகள் வேறொன்றைப் போட்டாள். அதில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இரண்டாவது வளைவில் கார் மோதி, முன்கண்ணாடி நொறுங்கியது. அவர் கையிலிருந்த ரிமோட் நழுவி விழுந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “பன்னெண்டு வருச டிரைவரு, ரெண்டு வளைவு தாண்டலையே! ஒங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாருங்க?”

அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டார்.

அஸர் தொழுத பிறகும் விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனேன்.

“போன வருசம் அங்கன என் வண்டி மோதிருச்சு. பக்கத்துல இருந்த கூட்டாளி அந்த எடத்துலயே மவுத்தாயிட்டான். இதே சத்தம்தான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா திரும்பப் போக விடுவியா?”

தெரிந்த பிறகும், மகளின் படிப்பை நினைத்து, நானே அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் அங்கிருந்தும் மகள் இங்கிருந்தும் போனில், கார் துள்ளி ஓடும் அந்த முதல் கேம்தான் ஆடுகிறார்கள். அவர் கார் மோதும்போதெல்லாம் மகள், “ஒண்ணும் ஆகலத்தா, ஓட்டுங்க” என்கிறாள். நான் அடுப்படியில் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன்.

இதை யாரிடமாவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, நான் சிரித்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.