கேப்சூலுக்குப் பத்தியம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கை போன பிறகு என் மடிக்கு வந்தவர்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும்தான் எனக்குப் படிப்பு. ஆனாலும் நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. என் பேரை முழுசாக எழுதுவேன். எழுதி முடிக்கிற வரைக்கும் கவுண்டரில் இருக்கிறவர் காத்திருக்கத்தான் வேண்டும். இதையும் என் கையாலேயேதான் எழுதுகிறேன். பேத்தி பிறகு டைப் அடிக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். நான் சொன்னதைத் திருத்தக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுத வந்தது என் நாலாவது மகளைப் பற்றி. பினாங்கில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் அவளோடுதான் இருக்கிறேன். மருமகன் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான். பேத்தி காலேஜுக்குப் போகிறாள். மகளுக்கு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன்னே பஸ் ஏறி, ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் கம்பெனி வேனைப் பிடிப்பாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியதும் கால் வீங்க ஆரம்பித்தது. கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இப்படியே போனால் மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெஷின் என்றால் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் தம்பி அதில் இருந்துதான் போனார். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மெஷின். அவர் கை கடைசியில் முடிச்சு முடிச்சாகக் கயிறு மாதிரி இருந்தது. என் மகள் அதில் படுக்கக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வாசல் நடையில் பெயிண்ட் டின்களில் பூனைமீசைச் செடி வைத்திருக்கிறேன். வெள்ளைப் பூவில் பூனைக்கு இருப்பதுபோல மீசை நீட்டிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்களும் சீனர்களும் நாமும் எல்லாரும் கிட்னிக்கு அதைத்தான் காய்ச்சிக் குடிப்போம். மகளுக்கும் காய்ச்சிக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் கிளினிக்கில் ஒரு தமிழ்ப் பெண் எங்களைப் பார்த்துப் பேசினாள். கண்ணாடி போட்டவள், படிப்புக்கு மேல் படிப்புப் படிக்கிறவள். பூனைமீசையைத்தான் ஆராய்ச்சி செய்கிறாளாம். மகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"பாட்டி, இந்தக் கேப்சூல்ல பூனைமீசைச் சத்து இருக்கு. ஆனா எல்லாருக்கும் இல்ல. கொஞ்ச பேருக்கு வெறும் மாவுதான். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"குடுக்கிற உனக்கே தெரியாதா?"

"தெரியக் கூடாது பாட்டி. தெரிஞ்சா மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிரும்."

"நல்லா இருக்கும்மா ஒங்க படிப்பு. உப்பா சீனியான்னு தெரியாம நான் டீ கலக்குனா எங்க வூட்ல சும்மா விடுவாங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அப்புறம் அந்தப் பெண் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னாள். வீட்டில் தனியாகக் கஷாயம் வைக்கக்கூடாது. சாப்பாட்டை மாற்றக்கூடாது, இதுவரை என்ன சாப்பிட்டாளோ அதையேதான் சாப்பிட வேண்டும். மகள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேப்சூலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். அடைத்த ஓட்டுக்குள்ளிருந்தும் பச்சை வாடை வந்தது. இலைதான் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். இலை என்று ஆன பிறகு பத்தியம் இல்லாமல் எப்படி? கஷாயத்தை நிறுத்தினேன், அதில் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டேன். சாப்பாட்டு விஷயத்தில் கேட்கவில்லை. இலையைப் படித்திருக்கிறார்கள், பத்தியத்தைப் படிக்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள், மஞ்சள்காமாலை வந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் எல்லாருக்கும் நான்தான் பத்தியம் பார்த்தேன். ஒருத்தருக்கும் மருந்து பலிக்காமல் போனதில்லை.

மகளுக்கு மீன், கோழி, முட்டை, கருவாடு எல்லாம் நிறுத்தினேன். புளி, கத்தரிக்காய், பருப்பு கிடையாது. காலையில் கஞ்சி. மத்தியானம் குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். ராத்திரி மறுபடியும் கஞ்சி. கெம்போங் மீன் சம்பல் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவள் அவள். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். மெஷினுக்கு அவளுக்கும் அவ்வளவு பயம்.

பக்கத்து வீட்டில் ஒரு கத்தோலிக்கத் தமிழ்ப் பெண் இருக்கிறாள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. எங்கள் வீட்டிலிருந்து மீன் பொரிக்கிற வாடை வராததைக் கண்டுபிடித்துக் கேட்டாள்.

"என்னாக்கா, வூட்ல யாருக்கும் விரதமா? எங்களுக்கு நாப்பது நாளோட முடிஞ்சிரும். ஒங்களுக்கு முடியவே முடியாது போல."

"மருந்துக்குப் பத்தியம்."

"அந்த ஆஸ்பத்திரி மாத்திரைக்கா? அட ஆண்டவரே! கேப்சூலுக்குப் பத்தியம் வெச்ச ஒரே வூடு பினாங்குலயே ஒங்க வூடுதான்லா."

"ஒம் புருஷன் கால்வலிக்கு எங்கிட்ட வருவல்ல, அப்ப பாத்துக்கிறேன்."

சிரித்துக்கொண்டே போனாள். கிளினிக்கில் நான் இதைச் சொல்லவில்லை. சாப்பாடு எப்படி என்று அந்தப் பெண் கேட்கும்போதெல்லாம், "எல்லாம் சரியாத்தான் சாப்பிடுறா" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். பத்தியத்தை வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்பார் என் மாமியார். என் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று ஆஸ்பத்திரிக்கு எதற்கு?

நம்பர் இறங்கியது. கிட்னிக்கு ரத்தத்தில் ஒரு நம்பர் பார்ப்பார்கள். அது ஏறினால் கிட்னி போகிறது என்று அர்த்தம். பல வருஷமாக ஏறிக்கொண்டே இருந்தது முதல் தடவையாக இறங்கியது. அடுத்த தடவை இன்னும் இறங்கியது. அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"எறங்கியிருக்கு பாட்டி! நல்லா எறங்கியிருக்கு." உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இவ்ளோ சந்தோஷப்படக்கூடாது. யாருக்கு என்ன மருந்துன்னு இன்னும் தெரியாது."

"நீ படாட்டி போ. நான் படுறேன்" என்றேன்.

அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். பசாரில் காய்கறி விற்கிற சீனக் கிழவியிடம்கூடச் சொன்னேன். மெஷின் இல்லை, மெஷின் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே படியேறினேன். மகள் அப்போது சாயங்காலம் வந்ததும் படுத்துவிடுவாள். துணி மடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள். மருந்து உள்ளே வேலை செய்கிறபோது உடம்பு தளரத்தான் செய்யும் என்று சொன்னேன். சரிம்மா என்பாள்.

பிறகு ஒரு தடவை போனபோது, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அந்தப் பெண் மகளின் கையில் சுற்றினாள். பட்டை கையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, கை என்ன இப்படி ஆயிருச்சு? நீங்க என்னதான் சாப்பிடுறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன்னே மகள் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "எங்கம்மா என்னைச் சாமியாரா ஆக்கிட்டாங்கலா. மீன் மொகத்தப் பாத்து எத்தன மாசமாச்சு தெரியுமா? கஞ்சிதான், ரசம்தான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எப்பலேருந்து?" என்றாள். "மொதல் கேப்சூல்லேருந்து" என்றாள் மகள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கூடவே அவளுக்கு மேலே இருக்கிற பெரியவர், ஒரு மலாய்க்கார அம்மா, வந்தார். மகளை மறுபடியும் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். இது வேற சோதனை, சதையைப் பொறுத்து மாறாது என்றார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

முடிவு வந்த அன்று அந்தப் பெண்தான் சொன்னாள். என் கண்ணைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"பாட்டி, அந்த நம்பர் ஒடம்புச் சதையிலேருந்து வருது. கறி மீன் சாப்பிட்டாலும் ஏறும். அக்கா அதெல்லாம் சாப்பிடல, சதையும் கரைஞ்சிருச்சு. அதான் நம்பர் எறங்குச்சு. கிட்னி நல்லாகல. முன்னாடி இருந்ததவிட மோசமாத்தான் போயிருக்கு."

"அப்ப மருந்து?"

"அக்காவ இனி கணக்குல சேக்க முடியாது பாட்டி."

அந்த மலாய்க்கார அம்மா என் கையைப் பிடித்தார். "மாக்சிக் மேல தப்பு இல்ல" என்று, என்னை அத்தை என்று கூப்பிட்டு, மலாயில் சொன்னார். தப்பு என்று யார் சொன்னது? பத்தியம் இல்லாமல் ஒரு மருந்து உண்டா என்று அவரிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து வாடகைக் காரை விட்டு இறங்கும்போது மகள், "பொங்கல் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லம்மா?" என்றாள்.

இனி மெஷினுக்குத் தயாராகுங்கள் என்றார்கள். அதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து நரம்பைத் தயார் பண்ண வேண்டும். மகள் தள்ளிப் போட்டாள். எங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கேப்சூலில் இருந்தது வெறும் மாவாக இருந்தால், இலையை அவள் உடம்பு இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை என்று ஆகும். "மாவாத்தாம்மா இருக்கும். என் அதிர்ஷ்டத்துக்கு எப்ப நல்லது கெடச்சிருக்கு?" என்று மகளே சொன்னாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் மாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பச்சை வாடை வந்தது என்று சொன்ன மூக்கு என் மூக்குதான். வயதான மூக்கு, அதற்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் காலையும் மாலையும் இலையைக் காய்ச்சினேன். மீனும் கொடுத்தேன்.

ஆராய்ச்சி முடிந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். ஃபோனில் சொல்ல மனசு வரவில்லை என்றாள். மகள் அப்போது கஷாய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்குக் கெடச்சது இலைதான். ஆரம்பத்திலேருந்து இலைதான்."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப இது வேணாம்மா" என்றாள். கோபமே இல்லை. இலையைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அந்தப் பெண் எதுவும் குடிக்காமல் போனாள். மற்றவர்களுக்கு அந்த மருந்து கேட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது மகள் மெஷினில் இருக்கிறாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வேன் வந்து கூட்டிக்கொண்டு போகிறது. வேலையை விட்டாயிற்று. மெஷினில் இருக்கிறவர்கள் மீனும் முட்டையும் நன்றாகச் சாப்பிட வேண்டுமாம், இல்லாவிட்டால் உடம்பு நிற்காதாம். நான் விடியற்காலையிலேயே பசாருக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிவந்து சமைக்கிறேன். அவளுக்கு வாய் கசக்கிறது. ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்கும் நடுவுக்கும் நகர்த்திக்கொண்டிருப்பாள். நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்பாள். பக்கத்து வீட்டுக்காரி இப்போது கேலி பேசுவதில்லை. வாசலில் என்னைப் பார்த்தால், சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்கிறாள். அவள் கேலி பேசினாலே எனக்குத் தேவலை.

இத்தனை வருஷத்தில் யாருக்கு என்ன வந்தாலும் எனக்குச் செய்ய ஏதாவது ஒன்று இருக்கும். அரைக்க இருக்கும், காய்ச்ச இருக்கும், பற்றுப் போட இருக்கும், வேண்டாம் என்று சொல்ல இருக்கும். இப்போது வேன் போன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் ஏதாவது வழி தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

வா ஆயி, அந்த ஃபோன வெச்சிட்டு இங்க ஒக்காரு. ஒங்கம்மா வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் எழுதுனத ஒருக்கா எனக்குப் படிச்சுக் காட்டு. வேகமாப் படிக்காத.